சிரிக்கலைன்னா அது தடையா?

"இப்பல்லாம் ஒரு ஜோக் அடிக்க முடியுதா? உடனே கோச்சுக்கறாங்கப்பா!" பெங்களூரில் நம்ம தமிழ்க் குடும்பங்கள் நாலு சேர்ந்தால், காபி வருவதற்குள் இந்த வசனம் வந்துவிடும். என்ன ஜோக் என்று பார்த்தால் பெரும்பாலும் பழைய 'ஒன்பது' சமாச்சாரம்தான். பசங்க சிரிக்காமல் முகம் சுளித்தால் கருத்துச் சுதந்திரமே போச்சாம்.

ஊரை விட்டுக் கிளம்பின வருஷத்துத் தமிழை அப்படியே பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். தமிழ்நாட்டில் 2008-லேயே திருநங்கைகளுக்கு நலவாரியம் வந்தாச்சு. சொல்லும் மாறிப் பல வருஷமாச்சு. நாமதான் இன்னும் தொண்ணூறுகளின் சினிமா காமெடியிலேயே நிற்கிறோம். ஆனா இங்கே ஒருத்தன் நம்மை 'கொங்கா' என்றால் (வெளியூர்க்காரர்களுக்கு: தமிழரை மட்டம் தட்டப் புழங்கும் சொல்) சுர்ரென்று ஏறுது. 'சும்மா தமாஷுக்கு' என்று அவனும்தான் சொல்கிறான்!

நிஜமான தடை எப்படி இருக்கும்னு இதே ஊரில் பார்த்தோமே. 2021 நவம்பரில் முனாவர் ஃபரூக்கியின் நிகழ்ச்சியை, சட்டம் ஒழுங்கு கெடும் என்று போலீஸ் நடத்தவிடவில்லை. 600-க்கு மேல் டிக்கெட் விற்றிருந்ததாக அவர் சொன்னார். பிடிக்காதவர்கள் போகாமல் இருந்திருக்கலாம், போனவர்கள் பாதியில் எழுந்து வந்திருக்கலாம். அந்த வாய்ப்பே யாருக்கும் கிடைக்கவில்லை.

ஐ.டி. சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது அப்பாடா என்றிருந்தது. ரெண்டே வருஷம். 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் கணவன், மனைவி, ரெண்டு குழந்தைகள் தீயில் கருகினார்கள். முதல்வர், கலெக்டர், போலீஸ் கமிஷனர் மூவரையும் துணியில்லாமல் வரைந்தார் கார்ட்டூனிஸ்ட் பாலா. நவம்பரில் கைது. அதே சட்டத்தில் வேறு பிரிவு இருக்கவே இருக்கு, 67.

படம் அசிங்கம்தான், என் வீட்டு ஹாலில் மாட்ட மாட்டேன். ஆனா அந்தக் குழந்தைகள் எரிந்ததை விடவா அசிங்கம்? அன்றைக்கு நம்ம காபிக் கூட்டத்தில் யாரும் கருத்துச் சுதந்திரம் பற்றிப் பேசின ஞாபகம் எனக்கில்லை.