உம்ராவுக்குப் புறப்படும் சகோதரிக்கு



உம்ராவுக்குப் போன எங்கள் மாமி டிக்கட்டைப் பார்த்தார். கட்டுநாயக்கவில் பகல் 2 மணிக்குப் புறப்பாடு, ஜித்தாவில் மாலை 5.30க்கு இறக்கம். "மூன்றரை மணித்தியாலம்தானே!" என்று ஏறி உட்கார்ந்தார். மூன்றரை மணித்தியாலம் விழித்திருந்து மீகாத் அறிவிப்புக்காகக் காத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. களைத்துப்போய்க் கண்ணயர்ந்தவர், சக்கரம் தரையில் பட்ட போதுதான் எழும்பினார். மீகாத் எல்லை கடந்து போயிருந்தது, நிய்யத் வைக்கவில்லை. பிறகு ஓர் ஆட்டைத் தம் கொடுக்க வேண்டியதாயிற்று.

பிழை எங்கே? கட்டுநாயக்கவிலிருந்து ஜித்தா நேர்கோட்டில் ஏறத்தாழ 4,650 கிலோமீற்றர். நேரடி விமானத்துக்குக் கிட்டத்தட்ட ஆறு மணித்தியாலம் வேண்டும். ஆனால் டிக்கட்டில் எழுதப்படுவது அந்தந்த ஊரின் நேரம். சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. அதனால் போகும்போது பயணம் குறுகியதாகவும், திரும்பும்போது நீண்டதாகவும் தெரியும். இறங்கும் நேரத்துடன் இரண்டரையைக் கூட்டுங்கள். அதிலிருந்து புறப்படும் நேரத்தைக் கழியுங்கள். உண்மைக் கணக்கு வந்துவிடும். வேறு நாட்டில் விமானம் மாறுவதாயின், அங்கு எழுதியிருப்பது அந்த நாட்டு நேரம் என்பதையும் மறவாதீர்கள்.

ஆண்களுக்கு இரண்டு வெள்ளைத் துணிகள் இஹ்ராமை ஞாபகப்படுத்தும். நமக்கோ வழமையான உடைதான். முகத்திரையும் கையுறையும் மட்டும் கூடாது. ஆகவே நிய்யத்தை மறப்பது பெண்களுக்கு மிக இலகு. ஜித்தாவில் இறங்க ஏறத்தாழ அரை மணித்தியாலம் இருக்கும்போதே விமானம் மீகாத்தைக் கடக்கும். அதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே தயாராகுங்கள். உறங்கிவிடுவோமோ என்று பயமிருந்தால் முன்கூட்டியே நிய்யத் வைத்துத் தல்பியா சொல்லத் தொடங்கலாம், அது செல்லும். மாதவிடாய் உள்ளவரும் குளித்து இஹ்ராம் நிய்யத் வைக்க வேண்டும். தவாபை மட்டும் சுத்தமாகும் வரை பிற்படுத்த வேண்டும். முதலில் மதீனாவுக்குப் போகிறவர்களுக்கு விமானத்தில் இஹ்ராம் தேவையில்லை. அவர்கள் மக்காவுக்குப் புறப்படும்போது துல்ஹுலைபாவில் நிய்யத் வைப்பார்கள்.

இன்னொன்று. மேற்கே பறக்கும்போது பகல் நீளும். கைக்கடிகாரம் இரவு 7 மணி காட்டும். ஜன்னலுக்கு வெளியே வெயில் அடிக்கும். மஃரிபுக்குச் சூரியனைப் பாருங்கள், கொழும்பு நேரத்தை அல்ல. நோன்பு வைத்திருந்தாலும் அப்படித்தான்.

நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். எந்த நேரத்தில் எடுப்பது என்று புறப்படுமுன் டொக்டரிடம் கேட்டு ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

உம்மாவையோ மாமியையோ தனியாக அனுப்புகிறீர்களா? டிக்கட்டுடன் இன்னொரு துண்டையும் கொடுங்கள்: "இலங்கை நேரம் இரவு 6.30க்கு நிய்யத்துக்குத் தயாராகுங்கள்" என்பது போல அவரவர் பயணத்துக்கேற்ப எழுதி. அவர் கையில் கட்டியிருக்கும் கடிகாரமே அவருக்கு வழி சொல்லும்.

உங்கள் பயணத்தை அல்லாஹ் இலகுவாக்கி, உம்ராவை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.