வேரைச் சுற்றி ஒரு மீட்டர்



டெல்லியில் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் கான்கிரீட் போடுகிறார்கள். புழுதியைக் குறித்து முறுமுறுத்த நானும், வேப்பமரத்தின் அடிவரை சிமெண்டு பூசப்பட்டதை இரண்டு நாள் கழித்தே கண்டேன். நீரும் காற்றும் வேருக்கு எட்டாவிட்டால் மரம் மெல்லப் பட்டுப்போகும். அதிலுள்ள அணிலும் கிளியும் எங்கே போகும்? வழியருகே காணும் குருவிக் கூட்டுக்கும் நியாயப்பிரமாணத்தில் இடம் உண்டே (உபாகமம் 22:6).

"வாடகைக்கு இருக்கிற நமக்கென்ன, ஐயா?" என்றார் ஒரு சகோதரர். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய நிருபத்தை வாசிக்கச் சொன்னேன் (29:7). டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் உத்தரவிட்டது. அதைக் காட்டி மனு எழுதியிருக்கிறோம். அந்தச் சகோதரரும் கையொப்பமிட்டார். உங்கள் தெருவிலும் வேலை நடக்குமானால், சிமெண்டு இறுகுமுன் மரத்தடியைப் போய்ப் பாருங்கள்.