படுக்கையறையில் ரூம் ஹீட்டர்... இரவு முழுக்க ஓடவிட்டுத் தூங்கலாமா?

மார்கழி பிறந்துவிட்டால் ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் வீடுகளில் பரணிலிருந்து மூன்று பொருள்கள் கீழே இறங்கிவிடும். கம்பளி, ஸ்வெட்டர், ரூம் ஹீட்டர். காந்தலிலும் தலைகுந்தாவிலும் புல்வெளி முழுக்க உறைபனி படர்ந்திருக்கும் காலையில், ஹீட்டர் இல்லாமல் எழுந்து நடமாடுவதே பெரிய வேலைதான். சுற்றுலா வருபவர்களும் லாட்ஜில் நுழைந்தவுடன் கேட்கும் முதல் கேள்வி, ``ரூம்ல ஹீட்டர் இருக்கா?'' என்பதுதான்.

மலையில் மட்டுமல்ல... வேலைக்காக டெல்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் டிசம்பர், ஜனவரியில் ஹீட்டர் அத்தியாவசியப் பொருள். ஊரிலிருந்து பிள்ளையைப் பார்க்கப் போகும் அப்பா, அம்மாவுக்காகவே புதிதாக ஒன்று வாங்குபவர்களும் உண்டு.

அறையைச் சூடாக்குவதில் தவறில்லை. குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் வெப்பம் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அதற்குமேலும் கதகதப்பு தேவைப்படலாம். சிக்கல் எங்கே வருகிறது? ஹீட்டரை ஓடவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, தூங்கிவிடும்போதுதான்.

தூக்கம்தான் முதல் ஆபத்து

விழித்திருப்பவருக்குப் பிளாஸ்டிக் கருகும் வாடை தெரியும். போர்வையின் நுனி ஹீட்டரில் படுவது கண்ணில் படும். லேசாகத் தலை வலித்தால்கூட எழுந்து ஜன்னலைத் திறப்பார். தூங்கிக்கொண்டிருப்பவரிடம் இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. ஆழ்ந்த தூக்கத்தில் வாசனை நம்மை எழுப்பிவிடும் என்று நம்ப முடியாது.

அதனால் படுக்கையறை ஹீட்டருக்கு ஒரே ஒரு விதியை நினைவில் வைத்துக்கொண்டால்கூடப் போதும். `விழித்திருக்கும்போது ஹீட்டர், தூங்கும்போது போர்வை.' படுப்பதற்கு அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ முன்பு போட்டு, அறையும் மெத்தையும் சூடானதும் அணைத்துவிட்டுப் படுப்பதே பாதுகாப்பானது.

நெருப்பில்லா ஹீட்டர், நெருப்புள்ள ஹீட்டர்

எல்லா ஹீட்டரையும் ஒரே பெயரில் அழைத்தாலும் ஆபத்து ஒன்றல்ல. மின்சாரத்தில் ஓடுபவை ஒரு ரகம். கேஸ், மண்ணெண்ணெய், கரி, விறகு என எதையாவது எரித்துச் சூடு தருபவை இன்னொரு ரகம்.

``ஹீட்டர் போட்டா ரூம்ல இருக்கிற ஆக்சிஜனை எல்லாம் இழுத்துடும்'' என்று பலரும் சொல்வார்கள். மின்சார ஹீட்டருக்கு இது பொருந்தாது. அதில் எதுவும் எரிவதில்லை. கம்பியோ, எண்ணெயோ சூடாகி காற்றைச் சூடாக்குகிறது, அவ்வளவுதான். காற்றின் ஈரப்பதம் குறைவதால் மூக்கும் தொண்டையும் வறண்டுபோகும், தோல் காய்ந்துபோகும். இதைத்தான் பலர் `மூச்சு முட்டுகிறது' என்கிறார்கள். மின்சார ஹீட்டரின் உண்மையான ஆபத்து தீ விபத்தும் மின்கசிவும்தான்.

ஆனால் எரியும் ரகத்தில் அந்தப் பயம் முழுக்க நியாயமானது. மூடிய அறையில் கேஸ் ஹீட்டரோ கரி அடுப்போ எரிந்தால் அது ஆக்சிஜனைக் குறைக்கும். கூடவே கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவையும் வெளிவிடும். அந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுடன், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் உடலுக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது.

2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமன் என்ற மலை ஊரில் நடந்தது இதுதான். கேரளாவிலிருந்து சுற்றுலா சென்ற 15 பேர் கொண்ட குழு அங்கே ஒரு விடுதியில் தங்கியது. அவர்களில் 8 பேர் ஒரே அறையில் படுத்தனர். குளிருக்காக கேஸ் ஹீட்டர் வைக்கப்பட்டது. கதவும் ஜன்னல்களும் மூடியிருந்தன. மறுநாள் காலை அந்த 8 பேரும் மயங்கிக் கிடந்தார்கள். ஒருவரையும் காப்பாற்ற முடியவில்லை. இறந்தவர்களில் 4 பேர் குழந்தைகள்.

கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவராதீர்கள்

நம் மலைப்பகுதிகளில் இன்றைக்கும் சிலர் கரி அடுப்பையோ, இரும்புச் சட்டியில் அள்ளிய தணலையோ படுக்கையறையில் வைத்துக்கொள்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் பார்பிக்யூ முடிந்ததும் மிச்சத் தணலை `கொஞ்சம் கதகதப்பா இருக்கும்' என்று அறைக்குள் எடுத்து வைப்பதும் நடக்கிறது. இப்படித் தூங்கியவர்கள் காலையில் எழாமலே போன செய்திகள் நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்திருக்கின்றன.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. `புகை அடங்கிவிட்டது, இனிப் பயமில்லை' என்று நினைக்கிறார்கள். செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருக்கும் கரியில் புகை தெரியாது. ஆனால் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டேதான் இருக்கும். ஜன்னலை ஒரு விரல் அளவுக்குத் திறந்து வைப்பதும் இதற்குப் போதாது. பக்கத்தில் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தாலும் பயனில்லை. தண்ணீர் காற்றுக்குக் கொஞ்சம் ஈரம் தரும், விஷ வாயுவை உறிஞ்சாது. எரியும் எதையும் படுக்கையறைக்குள் வைத்துத் தூங்கக் கூடாது. இதில் விதிவிலக்கே வேண்டாம்.

எந்த மின்சார ஹீட்டர் நல்லது?

கடையில் பொதுவாக மூன்று வகை கிடைக்கின்றன.

* குவார்ட்ஸ், ஹாலஜன் ஹீட்டர்: சிவப்பாக ஒளிரும் குழாய்கள் இருக்கும். விலை குறைவு, போட்டவுடன் சூடு தெரியும். எதிரே இருக்கும் பொருள் மீது சூடு நேரடியாக விழுவதால் போர்வை, திரைச்சீலை அருகில் இருந்தால் ஆபத்து அதிகம்.
* ப்ளோயர் ஹீட்டர்: உள்ளே சூடான கம்பிச்சுருள், பின்னால் ஃபேன். சிறிய அறையை வேகமாகச் சூடாக்கும். உள்ளே தூசி சேர்ந்தால் கருகும். காற்று போகும் வழி அடைபட்டால் அளவுக்கு மீறிச் சூடாகும்.
* ஆயில் ஹீட்டர்: பட்டை பட்டையான தகடுகளுக்குள் எண்ணெய் அடைக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணெய் எரிவதில்லை, மாற்றவும் வேண்டியதில்லை. சூடாக நேரமாகும், விலையும் அதிகம். ஆனால் கனலும் கம்பி வெளியே தெரியாது. அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சூடு தரும் என்பதால் படுக்கையறைக்கு மூன்றில் இதுவே பொருத்தம்.

எதை வாங்கினாலும் ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்கிறதா எனப் பாருங்கள். கீழே சாய்ந்தால் தானாக அணையும் வசதி, அதிகம் சூடானால் அணையும் வசதி, தெர்மோஸ்டாட் ஆகிய மூன்றும் இருந்தால் நல்லது.

பிளக் பாயின்ட்டைக் கவனியுங்கள்

2,000 வாட் ஹீட்டர் ஒன்று 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். செல்போன் சார்ஜர், டேபிள் ஃபேன் போன்றவற்றைச் செருகும் சின்ன பிளக் பாயின்ட்டின் அளவு 6 ஆம்பியர்தான். பெரிய பின்கள் கொண்ட 16 ஆம்பியர் பாயின்ட்தான் ஹீட்டருக்கு உரியது. படுக்கையறையில் அது இல்லை என்பதற்காக கன்வெர்ட்டர் பிளக் போட்டு சின்ன பாயின்ட்டில் செருகுவதும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுவதும்தான் பல தீ விபத்துகளுக்குத் தொடக்கம். ஒயர் சூடாகி, உறை உருகி, பொறி பறக்கும்.

ஹீட்டரைப் போட்டு 10 நிமிடம் கழித்து அணைத்துவிட்டு, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கொதிக்கக் கொதிக்கச் சூடாக இருந்தாலோ, பிளக் பாயின்ட் பழுப்பேறி இருந்தாலோ எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதற்கான நேரம் அது. பழைய பங்களாக்களிலும் எஸ்டேட் குடியிருப்புகளிலும் ஒயரிங் பல பத்தாண்டுகள் பழையதாக இருக்கும். அங்கே எர்த் இருக்கிறதா, மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

எங்கே வைப்பது?

ஹீட்டரைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது ஒரு மீட்டர் இடம் காலியாக இருக்க வேண்டும். கட்டில், மெத்தை, திரைச்சீலை, துணி அலமாரி, புத்தகம், செய்தித்தாள் எல்லாவற்றிலிருந்தும் இந்தத் தூரம் வேண்டும். சமமான, கெட்டியான தரையில் வையுங்கள். ஸ்டூல், டீப்பாய், கட்டில் மேல் வேண்டாம். ஒயரைக் கம்பளத்துக்கு அடியில் ஓட்டாதீர்கள். நடக்கும் வழியில் வைத்தால் இருட்டில் தாத்தா, பாட்டி தடுக்கி விழக்கூடும்.

ஈரமான ஸ்கூல் யூனிஃபார்ம், சாக்ஸை ஹீட்டர் மேல் காயப்போடும் பழக்கம் மழையும் குளிருமாக இருக்கும் ஊர்களில் அதிகம். ஆயில் ஹீட்டர்தானே என்று அதன் மேல் போடுவதும் கூடாது. சீசன் தொடங்கி முதல் முறை எடுக்கும்போது தூசி துடைத்து, ஒயரில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கதவு செய்யும் வேலை

2022 ஜனவரி 9 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 19 மாடி அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டின் படுக்கையறையில் இருந்த மின்சார ஹீட்டரில் கோளாறு ஏற்பட்டு தீப்பிடித்தது. அந்த விபத்தில் 8 குழந்தைகள் உட்பட 17 பேர் இறந்தனர். நெருப்பு பெரும்பாலும் அந்த வீட்டோடும் வெளி வராந்தாவோடும் நின்றுவிட்டது. உயிர்களைப் பறித்தது புகைதான். அந்த வீட்டிலிருந்தவர்கள் தப்பித்து ஓடியபோது, தானாக மூட வேண்டிய கதவு மூடவில்லை. திறந்த கதவு வழியாகப் புகை மாடி மாடியாக ஏறிவிட்டது.

நம் வீட்டிலும் ஹீட்டர் தீப்பிடித்தால், முடிந்தால் மெயின் சுவிட்சை அணையுங்கள். மின்சாரம் இருக்கும்போது தண்ணீர் ஊற்றாதீர்கள். தீ பெரிதானால் பொருளை எடுக்க நிற்காமல் எல்லோரையும் வெளியேற்றி, அறைக் கதவைச் சாத்திவிட்டு 101-க்கு அழையுங்கள். புகை சூழ்ந்திருந்தால் குனிந்து, தரையை ஒட்டி நகர்ந்து வாருங்கள்.

கரி அல்லது கேஸ் எரிந்த அறையில் ஒருவருக்கோ பலருக்கோ தலைவலி, தலைசுற்றல், வாந்தி, சோர்வு வந்தால் `குளிர் ஒத்துக்கொள்ளவில்லை' என்று இழுத்துப் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டாம். கதவு, ஜன்னல்களைத் திறந்து, எல்லோரையும் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். சாதாரண புகை அலாரம் கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடிக்காது. அதற்கென்று தனி அலாரம் இருக்கிறது.

அணைத்த பிறகு குளிருமே?

ஜன்னல் இடுக்கு, கதவின் கீழ் இடைவெளியைத் துணியால் அடைத்து, கனமான திரை போட்டாலே பாதிக் குளிர் குறையும். ஒரு பெரிய போர்வையைவிட இரண்டு மெல்லிய கம்பளிகள் சூட்டை நன்றாகப் பிடித்துவைக்கும். காலுக்கு சாக்ஸ் அவசியம். வெந்நீர்ப் பையைப் படுப்பதற்கு முன்பே மெத்தையில் வைத்து, படுக்கும்போது எடுத்துவிடலாம். சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு தெரியாமலே கொப்புளம் வந்துவிடும். அவர்களும் கைக்குழந்தைகளும் படுத்திருக்கும்போது அந்தப் பை மெத்தையில் இருக்க வேண்டாம்.

மின் கட்டணக் கணக்கும் இதைத்தான் சொல்கிறது. 2,000 வாட் ஹீட்டர் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். 8 மணி நேரம் ஓடினால் 16 யூனிட். மாதம் முழுக்கப் பார்த்தால் 60 யூனிட் எங்கே, 480 யூனிட் எங்கே! தெர்மோஸ்டாட் இருந்தால் இது குறையும், ஆனாலும் வித்தியாசம் பெரிதுதான்.

படுக்கப்போகும் முன் ஒரு நிமிடம்...

* ஹீட்டரை அணைத்து, சுவிட்சையும் அணைத்து, பிளக்கைக் கழற்றியாயிற்றா?
* சூடு ஆறும்வரை அதன் அருகே துணி, போர்வை இல்லையே?
* அறைக்குள் தணலோ, கேஸ் ஹீட்டரோ, எரியும் மெழுகுவத்தியோ இல்லையே?
* குழந்தைகள், முதியவர்கள் அறையிலும் ஒருமுறை பார்த்தாயிற்றா?

லாட்ஜில் தங்குபவர்களும் இதே நான்கையும் பார்க்கலாம். கேஸ் ஹீட்டரோ கரி அடுப்போ கொடுத்தால் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லி, கூடுதலாக இரண்டு கம்பளி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை கடும் குளிரானாலும் கம்பளிக்குள் விடிந்துவிடும்.