கொட்டியவனுக்குப் பங்கு எங்கே?

மாசியும் பங்குனியும் பிறந்துவிட்டால் மொரப்பூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் பம்பை முழங்கும், பறை அதிரும், விடிய விடியத் தெருக்கூத்து நடக்கும். கொட்டுகிறவர் தோளில் பம்பை தொங்குகிறது. சுற்றி நிற்பவர் கையில் கைப்பேசி இருக்கிறது. பொழுது விடிவதற்குள் அந்த முழக்கம் யூடியூபில் ஏறிவிடுகிறது. ஆயிரம் பேர் பார்க்கிறார்கள், பிறகு லட்சம் பேர் பார்க்கிறார்கள். விளம்பரக் காசு வருகிறது. யாருக்கு வருகிறது? ஏற்றியவருக்கு வருகிறது, அவருக்கும் மேலே உள்ள கம்பெனிக்கு வருகிறது. கொட்டியவருக்கு? அன்று பேசிய கூலி, அதிலும் தரகர் எடுத்தது போக மிச்சம்!

இது நியாயந்தானா என்று கேட்கிறோம்.

"கலைக்கு விலை பேசலாமா?" என்று சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். விலை ஏற்கெனவே பேசப்பட்டுவிட்டது, ஐயா! உழைத்தவனை ஒதுக்கிவிட்டு மற்றவர்கள் பேசி முடித்த விலை அது. தறியில் உட்கார்ந்தவன் தொழிலாளி என்றால், தவிலைத் தூக்கியவனும் தொழிலாளிதான். இசை நாட்டின் தொழில்களில் ஒன்றாக வளரவேண்டுமானால், முதலில் அதை ஊழியம் என்ற நிலையிலிருந்து மீட்டுத் தொழில் என்ற நிலைக்கு உயர்த்தவேண்டும்.

ஊழியம் என்ற சொல்லைத் தெரிந்தே சொல்கிறோம். பறையடிப்பது ஒரு சாதியின் கடமை என்று எழுதாத சட்டம் போட்டு வைத்திருந்தது இந்தச் சமுதாயம். சாவு வீட்டுக்கு அடிக்க மறுத்தவர்கள் அடிபட்டதுண்டு. இந்த இழிவே வேண்டாம் என்று பறையைத் தூக்கி எறிந்தவர்களும் உண்டு. அவர்கள் செய்தது சுயமரியாதைச் செயல். அதே பறைக்காக மதுரை வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சி! ஆனால் ஒருவருக்கு விருது கிடைத்தால் ஊரிலுள்ள மற்றவர்களின் அடுப்பு எரிந்துவிடாது. கட்டாயத்தால் அடித்த காலம் போய், விரும்பிக் கற்று, விலை பேசி, உரிமையோடு அடிக்கும் காலம் வரவேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பாட்டு எழுதியவரையும் இசையமைத்தவரையும் உரிமையாளர் என்றது. ஆனால் திரைப்படத்துக்காகப் பணம் கொடுத்துச் செய்யச் சொன்னால், மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை படமெடுத்தவருக்கே என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேடையில் பாடியவரும் வாசித்தவரும் அந்தச் சட்டத்தில் இடம்பெற 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2012-ல் வந்த திருத்தம், திரையரங்குக்கு வெளியே பாட்டு ஒலிக்கும்போதெல்லாம் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பங்கு உண்டு, அதை எழுதி வாங்கவும் முடியாது என்றது. நிகழ்த்துகிறவர் யார் என்ற விளக்கத்தில் பாடகர், வாத்தியக்காரரோடு பாம்பாட்டியின் பெயரும் இருக்கிறது. பாம்பாட்டிக்கு உண்டென்றால் பம்பைக்காரருக்கு இல்லையா? உண்டு. அவர் நிகழ்த்தியதன் மேல் அவருக்கு ஐம்பதாண்டு உரிமை உண்டு. தன் வீட்டில் பார்க்க ஒருவர் படம்பிடித்தால் தடையில்லை. அனுமதியின்றிப் பதிந்து வாணிபம் செய்வதற்குத்தான் தடை.

"அது நாட்டுப் பாட்டு, யாருக்கும் சொந்தமில்லை" என்பார்கள். சரி, பாட்டு பொதுச்சொத்து. அதைப் பாடிய தொண்டையும் பொதுச்சொத்தா?

சட்டம் ஏட்டில் இருக்கிறது. மொரப்பூருக்கு இன்னும் வந்து சேரவில்லை. காரணம் மூன்று: கல்வியில்லை, கூடமில்லை, காகிதமில்லை.

கல்வியைப் பார்ப்போம். சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய இடங்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. பல மாவட்டங்களில் அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே குரலிசை, வயலின், மிருதங்கம், நாதசுரம், தவில், தேவாரம், பரதம் கற்பிக்கிறார்கள். நல்லது, நடக்கட்டும். அதே வரிசையில், அதே மதிப்பில், பம்பையும் பறையும் உறுமியும் கூத்தும் முழுநேரப் பாடமாகவேண்டும். பட்டம் இல்லாவிட்டாலும் கைத்திறன் உள்ள ஊர் வாத்தியாரே ஆசிரியராகவேண்டும்.

அடுத்தது கூடம். சென்னைக்குப் போனால்தான் பாட்டுப் பதிவு என்பது விதியல்ல. 1935-ல் டி. ஆர். சுந்தரம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார்; நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. அன்று தருமபுரியும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. இன்று அங்கே நிற்பது வாசல் வளைவு மட்டுமே. படப்பிடிப்பு நிலையம் கேட்கவில்லை நாம்; மொரப்பூரில் ஒரு பயிற்சிக் கூடமும், அதனுள் ஒலி புகாத ஓர் அறையும், நல்ல ஒலிவாங்கிகளும், அவற்றை இயக்கத் தெரிந்த ஓர் இளைஞனும் போதும் என்கிறோம்.

ஆகிற காரியமா என்று ஐயுறுவோர் சுவீடனைப் பார்க்கட்டும். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வாழும் நாடு அது. 1940-களிலிருந்து அங்கே உள்ளாட்சிகள் இசைப்பள்ளிகளை நடத்தி, தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் வாத்தியத்தைக் கையில் கொடுத்தன. எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பங்கை வசூலித்துத் தரும் சங்கம் 1923 முதலே அங்கு உண்டு. இன்று அந்தச் சிறு நாடு உலகத்துக்கே பாட்டை ஏற்றுமதி செய்கிறது.

இங்கே 2007-ல் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நலவாரியம் அமைந்தது. அது செய்யும் உதவியை வரவேற்கிறோம். ஆனால் உதவி வேறு, உரிமை வேறு. உதவி கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது; உரிமை உழைத்தவரின் சொந்தம். ஆகவே வாரியமே தமிழில் ஒரு பக்க ஒப்பந்தப் படிவம் தயாரித்து, பங்கு கேட்டு எழுதவும் துணை நிற்கவேண்டும் என்று அரசைக் கேட்கிறோம்.

தோழர்களே, அரசு செய்யும்வரை கைகட்டி நிற்கவேண்டியதில்லை. உங்கள் ஊர்க் குழுவைக் கூட்டுங்கள். யார் வாசித்தார், எந்த நாள், எந்த இடம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பதிவு செய்ய வருகிறவரிடம் முதலில் காகிதத்தைக் கேளுங்கள். படித்துப் பார்க்காமல் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கவேண்டாம் என்று மூத்த கலைஞர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். வீடியோ ஏறினால் அதில் வாசித்தவர் பெயரும் ஏறவேண்டும் என்று வற்புறுத்துங்கள்.

பெயர் எழுதப்பட்டால் பங்கு கேட்கலாம். பங்கு கிடைத்தால், பெங்களூருக்கும் திருப்பூருக்கும் மூட்டை கட்டிய மகன் அப்பனின் பம்பையைத் திரும்ப எடுப்பான், சாதிக் கடமையாக அல்ல, தன் தொழிலாக!