எஞ்சினை அணைச்சிட்டு ஆயில் பாக்கற அனுபவஸ்தர்களுக்கு...

மக்களே, ரொம்ப நாளா ஒரு விஷயம் கடுப்பேத்துது. "எந்த வண்டியா இருந்தாலும் காலையில எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது டிப்ஸ்டிக்கை உருவிப் பாரு, கம்மியா இருந்தா ஊத்து" என்று ஒரு பொன்மொழி உலாவிக்கிட்டு இருக்கு. சொல்றவர் முப்பது வருஷ அனுபவஸ்தர் வேற. எதிர்த்துப் பேசினா, "தம்பி, எஞ்சின்னா எல்லாம் ஒண்ணுதான்" என்று ஒரு சிரிப்பு.

இல்லீங்கண்ணா, ஒண்ணு இல்லை.

1964-லிருந்து 1998 வரைக்கும் தயாரான, காற்றால் குளிரும் போர்ஷே 911-ஐயே எடுத்துக்குவோம். (உன்கிட்ட இருக்கான்னு கேக்கப்படாது. இருந்தா ராத்திரி ஒரு மணிக்கு இதைத் தட்டிக்கிட்டு இருப்பேனா?) அதுல ஆயில் பாக்கற முறை இதுதான்: வண்டியை ஓட்டி நல்லா சூடாக்கணும், ஆயில் 80, 90 டிகிரிக்கு வரணும். சமதளத்துல நிறுத்தணும். எஞ்சின் ஐட்லிங்ல ஓடிக்கிட்டே இருக்கும்போது டிப்ஸ்டிக்கைத் துடைச்சு, விட்டு, எடுத்துப் பாக்கணும். அணைக்கக் கூடாது!

ஏன்? அது டிரை சம்ப் எஞ்சின். நம்ம வீட்டை நினைச்சுக்குங்க. கீழே சம்ப், நடுவுல மோட்டார், மேலே டேங்க். 911-லயும் அப்படித்தான். வளைவுல வேகமா திரும்பும்போது ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கி பம்ப்புக்குக் கிடைக்காம போயிடக் கூடாதுன்னு தனியா ஒரு டேங்க் வெச்சிருக்காங்க. எஞ்சின் அடியில சேர்ற ஆயிலை ஒரு பம்ப் உறிஞ்சி டேங்குக்கு அனுப்பும். இன்னொரு பம்ப் டேங்கிலிருந்து எடுத்து எஞ்சினுக்குக் கொடுக்கும். டிப்ஸ்டிக் இருக்கறது அந்த டேங்குக்குள்ள.

வண்டி நின்னா டேங்க்ல இருக்கற ஆயில் மெல்ல எஞ்சினுக்குள்ள இறங்கிடும். காலையில குச்சியை உருவினா ஒரு சொட்டு இருக்காது. மோட்டார் போடாம மாடி டேங்கை எட்டிப் பாத்துட்டு, தண்ணி லாரிக்கு போன் போடற கதைதான்.

இங்கேதான் அனுபவஸ்தர் ரெண்டு லிட்டரை ஊத்தறார். 10 லிட்டருக்கு மேல ஆயில் பிடிக்கற வண்டி அது. கணக்குக்கு மேல ஏறினது எங்கே போகும்? மூச்சுக்குழாய் வழியா ஏர் ஃபில்டருக்குப் போய், அங்கிருந்து எஞ்சினுக்குள்ள எரிஞ்சு, பின்னாடி நீலப் புகையா வரும். அதைப் பாத்துட்டு அதே அனுபவஸ்தர் "ரிங் போச்சு, எஞ்சினைப் பிரிக்கணும்"னு சொன்னா எத்தனை லட்சம் செலவுன்னு யோசிங்க. வியாதியே இல்லாதவனுக்கு ஆபரேஷன்!

"ஓடற எஞ்சின்ல மூடியைத் திறந்தா ஆயில் தெறிக்காதா?" நியாயமான கேள்வி. டிப்ஸ்டிக் இருக்கறது தனி டேங்க்ல, சுத்தற கிராங்க் பக்கத்துல இல்லை. அதனால பயம் வேண்டாம். பக்கத்துல ஃபேன் பெல்ட் ஓடும், சட்டைக் கையை மடிச்சு விட்டுக்குங்க, அவ்ளோதான்.

அப்போ எல்லா ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதுதான் விதியா? அதுவும் தப்பு. அதே போர்ஷேவோட 944-ல ஆயில் எஞ்சின் அடியிலேயே இருக்கும். அணைச்சிட்டு சில நிமிஷம் பொறுத்துத்தான் பாக்கணும். 2004-ல வந்த 997-ல குச்சியே கிடையாது, டாஷ்போர்டு திரைதான் சொல்லும். ஒரே கம்பெனி, மூணு விதி!

"பாத்தாலே தெரியாதா"ங்கற தைரியத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1972 மாடல் 911-ல ஆயில் ஊத்தற மூடியை வெளியே, வலது கதவுக்குப் பின்னாடி வெச்சாங்க. பங்க்ல இருந்தவங்க அது பெட்ரோல் மூடின்னு நினைச்சு அதுல பெட்ரோலை ஊத்தினாங்க. அடுத்த வருஷ மாடல்லயே அந்த மூடியைத் தூக்கிட்டாங்க.

"நமக்கெதுக்கு சார் போர்ஷே கதை?" என்பவர்களுக்கு: திருவொற்றியூர்ல செஞ்ச பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டும் டிரை சம்ப்தான். நாலு நாள் நின்னா ஆயில் கீழே இறங்கி குச்சி பொய் சொல்லும். கொஞ்சம் ஓட்டிட்டுத்தான் பாக்கணும்.

அனுபவத்தை நான் மட்டம் தட்டலை. பத்தாயிரம் மாருதி பாத்த கை, மாருதிக்குப் பெரிய கை. முதல் தடவையா பாக்கற எஞ்சின் முன்னாடி, அந்த வண்டியோட கையேட்டுல ஒரு பக்கம் படிக்கறதுல என்ன கௌரவக் குறைச்சல்?

டிஸ்கி: மறுத்து சண்டைக்கு வர்றவங்க தாராளமா வாங்க. வரும்போது உங்க வண்டி கையேட்டை மட்டும் கையோட கொண்டு வாங்க.