சட்டத்தின் அளவுகோலுக்குள் அடங்காத புதர்கள்

பனி உருகத் தொடங்கும் குளிர்நாடுகளில், பிற செடிகள் துளிர்க்குமுன்பே பூத்துவிடுவது வில்லோ என்னும் புதர். பூனையின் பாதம்போல் மெத்தென்றிருக்கும் அதன் பூங்கதிர்களே, குளிர்கால உறக்கம் கலைந்து பசியோடு வெளிவரும் பம்பிள் தேனீ அரசிகளுக்குக் கிடைக்கும் முதல் உணவுகளுள் ஒன்று. தத்தம் மண்ணுக்குரிய வில்லோவைத் தோட்டங்களில் நடுமாறு அந்நாட்டுச் சூழலியலாளர் வலியுறுத்துவதன் காரணம் இதுவே. அவ்வினத்தைச் சேர்ந்த ஒன்று காஷ்மீரத்தில் வளர்க்கப்படுகிறது. தில்லிவாசிகளுக்கோ அது யூனானி மருந்துக்கடைகளில் விற்கும் ‘பேத்முஷ்க்’ வடிநீராகத்தான் அறிமுகம். அச்செடியைத் தில்லியில் நட வேண்டியதில்லை. ஆனால் அது எழுப்பும் கேள்வியைத் தில்லியும் கேட்டாக வேண்டும்: பூக்கள் அருகிப்போகும் மாதங்களில் இந்நகரத்துப் பூச்சிகள் எதனை உண்டு வாழ்கின்றன?

இக்கேள்வியைக் கேட்பதற்கு லக்ஷ்மிபாய் நகர் பொருத்தமான இடம். மைய அரசு ஊழியர் குடியிருப்புகளும், தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியொன்றும் அமைந்த பகுதி அது. அதற்கு அருகிலுள்ள சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு குடியிருப்புகளை இடித்துக் கட்டும் திட்டத்திற்கு 2016இல் மைய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதற்காகப் பல்லாயிரம் மரங்கள் வெட்டப்படவிருந்ததை எதிர்த்து 2018 ஜூனில் மக்கள் தெருவில் இறங்கினர். தில்லி உயர் நீதிமன்றம் மரம் வெட்டலுக்கு இடைக்காலத் தடை விதித்தது. போற்றத்தக்க எழுச்சி அது. எனினும் அவ்விவாதம் முழுவதும் மரங்களின் எண்ணிக்கையைச் சுற்றியே நிகழ்ந்தது. அவற்றின் அடியில் நின்ற புதர்களை எவரும் எண்ணவில்லை.

எண்ணாமைக்குக் காரணம் சட்டத்திலேயே உள்ளது. 1994ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் தண்டின் விட்டம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமலும், மொத்த உயரம் ஒரு மீட்டருக்குக் குறையாமலும் இருப்பதே மரம். பல தண்டுகளாய்க் கிளைத்து நிற்கும் பெரும்பாலான புதர்கள் இவ்வரையறைக்கு வெளியே விழுகின்றன. வெட்டிய மரம் ஒன்றுக்குப் பத்துக் கன்றுகள் நட வேண்டும் என்னும் ஈட்டு நடவு முறை உண்டு. அழிக்கப்பட்ட புதருக்கு ஈடு எதுவுமில்லை.

இழப்போ சிறிதன்று. தில்லி ரிட்ஜின் பாறை மண்ணில் இயல்பாய் வளரும் ஆடாதோடை, குளிர்காலத்தின் பிற்பகுதியிலேயே பூக்கத் தொடங்குகிறது. தச்சுத்தேனீக்கள் அதனை நாடி வருகின்றன. அதனைத் தொடர்ந்து, வடநாட்டார் கரீல் என்றழைக்கும் இலையற்ற முட்புதர் செந்நிறமாய்ப் பூக்கிறது. கோடைமுகத்தில் களாவும் மழைக்காலத்தில் புதர் இலந்தையும் முறையெடுத்துக்கொள்கின்றன. களையென்று பிடுங்கியெறியப்படும் எருக்கோ, ஆண்டின் பெரும்பகுதி பூத்து நிற்பது. ஒன்று ஓயும்போது மற்றொன்று தொடங்கும் இப்பந்தியே பூச்சிகளின் ஆண்டு முழுமைக்குமான சோறு. மேலும், புதர் என்பது உணவு மட்டுமன்று, வீடும் ஆகும். கொம்புத்தேனீ தன் ஒற்றை அடையைக் கட்டுவது பெரும்பாலும் புதர்க் கிளையில்தான்.

அயல் செடிகளும் தேன் தருகின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான், உண்ணிச்செடியின் பூவை வண்ணத்துப்பூச்சிகள் விரும்பி மொய்க்கின்றன. ஆனால் அவற்றின் புழுக்கள் அச்செடியைத் தின்று வளர்வதில்லை. சில வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களுக்கு எருக்கின் இலை வேண்டும். வேறு சிலவற்றிற்குக் கரீல் குடும்பத்துச் செடிகள் வேண்டும். தேன் கிடைத்தும் தொட்டில் கிடைக்காத நகரத்தில் அடுத்த தலைமுறை பிறப்பதில்லை. மாதந்தோறும் கத்தரித்துச் சுவர்போல் நிறுத்தப்படும் அலங்கார வேலிகளின் நிலை இன்னும் மோசம். மொட்டு விடுமுன்பே அவற்றின் நுனிகள் வெட்டப்படுகின்றன.

புதர் பாம்புக்கும் இருளுக்கும் இடந்தரும் என்னும் அச்சத்தையும் புறந்தள்ளலாகாது. தனியே நடந்து செல்லும் பெண்களுக்குப் பாதையோரப் புதர் உண்மையாகவே அச்சமூட்டுவது. எனவே நடைபாதையை விட்டு விலகி, விளக்கொளி படும் சுற்றுச்சுவர் ஓரங்களில் நடுவதே முறை. அது இடந்தேர்வுச் சிக்கலேயன்றிப் புதரைக் கைவிடுவதற்கான நியாயமாகாது.

செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, ஈட்டு நடவுக் கணக்கில் மண்ணுக்குரிய புதர்களுக்கும் இடம் வேண்டும். மற்றொன்று கல்வியாளர் கையில் உள்ளது. லக்ஷ்மிபாய் நகரைப் போன்றதொரு குடியிருப்பில் எந்தப் புதர் எந்த மாதத்தில் பூக்கிறது, எந்தப் பூச்சி அதற்கு வருகிறது என்பதைப் பள்ளி மாணவரும் கல்லூரி மாணவரும் ஓராண்டு குறித்து வைத்தாலே போதும், அப்பகுதிக்கான பூ நாட்காட்டி ஒன்று உருவாகிவிடும். பெருஞ்செலவோ ஆய்வுக்கூடமோ அதற்குத் தேவையில்லை. மரங்களைக் காக்க வழக்குமன்றம் சென்றவர்களிடம் எண்ணிக்கை இருந்தது. புதர்களுக்காகப் பேச வருவோர் கையில் அந்த நாட்காட்டியாவது இருக்க வேண்டும்.