காய்ந்த புல்லும் ஒரு பொறியும்

பெங்களூரில் மின்விசிறியே தேவையில்லை என்று சொன்ன காலம் மலையேறிவிட்டது. 2016 ஏப்ரலில் இங்கே வெப்பம் 39.2 டிகிரி செல்சியஸைத் தொட்டது. 2024 ஏப்ரலிலும் 38 டிகிரியைத் தாண்டியது. வெயிலைத் தடுக்க நம்மால் ஆகாது. ஆனால் வெயிலால் வரும் சேதமும் அப்படித்தானா?

2019 பிப்ரவரியை நினைத்துப் பார்க்க வேண்டும். பந்திப்பூர் காட்டில் பற்றிய தீ பல நாட்கள் எரிந்தது. ஆயிரக்கணக்கான ஏக்கர் கருகிய பிறகு, விமானப் படை ஹெலிகாப்டர்கள் வந்து தண்ணீர் கொட்ட வேண்டியதாயிற்று. அதே வாரம் 23ஆம் தேதி, எலகங்கா விமானக் கண்காட்சிக்கு வந்தவர்கள் கார்களை நிறுத்தியிருந்த மைதானத்தில் தீப்பிடித்தது. சுமார் 300 கார்கள் நாசமாயின. ஒன்று காடு, மற்றது நகரம். இரண்டிலும் தீயைப் பரப்பியவை காய்ந்த புல்லும் காற்றுமே.

மூங்கில் உரசிக் காடு பற்றிக்கொள்கிறது என்பார்கள். உண்மை வேறு. நம் நாட்டில் பெரும்பாலான காட்டுத் தீ மனிதனால் உண்டாவதே. மேய்ச்சலுக்காகப் புல்லைக் கொளுத்துவதும், அணைக்காமல் எறியும் பீடியும், சமைத்தபின் அப்படியே விட்டுப்போகும் அடுப்பும் போதும். கோடை விடுமுறையில் மைசூர், குண்டுலுப்பேட்டை வழியாக ஊட்டிக்குச் செல்லும் நம்மவர்கள் இதை மறக்கலாகாது. அந்தச் சாலை பந்திப்பூர் காட்டின் நடுவே செல்கிறது.

மலையேறப் போகும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சரிவில் தீ மனிதனைவிட வேகமாக மேலே ஏறும். காய்ந்த மாதங்களில் அனுமதியின்றி மலைக்குப் போகவே கூடாது. புகை தெரிந்தால் வேடிக்கை பார்க்காமல் உடனே விலகிவிட வேண்டும்.

தீ ஒரு பக்கம் இருக்க, வெயிலே ஆளைக் கொல்லும். அதில் முதலில் அகப்படுபவர்கள் கட்டட வேலை செய்வோரும், மூட்டை சுமப்போரும், தள்ளுவண்டிக்காரர்களும். இவர்களில் தமிழர்கள் எத்தனை பேர் என்பது வாசகர்களுக்குத் தெரியும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீரும் மோரும் கேழ்வரகுக் கூழும் குடிக்க வேண்டும். உடம்பு நெருப்பாய்ச் சுட்டு, பேச்சுக் குழறினால் அது சாதாரண மயக்கம் அல்ல. நிழலில் கிடத்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறி, 108க்குத் தகவல் தர வேண்டும். நினைவு இழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

தொழிலாளிக்கு மட்டும் புத்தி சொல்லிப் பயன் இல்லை. நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வு தர வேண்டியவர் மேஸ்திரியும் கான்ட்ராக்டரும். கூலியைப் பிடித்துக்கொண்டு தரும் ஓய்வு ஓய்வாகாது. அதேபோல், மைதானத்துப் புல்லை வெட்டுவதும், காட்டில் தீத்தடுப்புக் கோடுகள் போடுவதும் ஜனவரியிலேயே முடிய வேண்டிய வேலைகள். எரிந்த பிறகு ஹெலிகாப்டர் தேடுவதைவிட, எரிவதற்கு முன் அரிவாள் எடுப்பது அரசுக்கும் மலிவு, மக்களுக்கும் நல்லது.